ஈயப் பொட்டு

காலு பட்டுறாம பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, அது பெட்டி இல்ல, எங்க குடும்பம். மிதிச்சா எனக்குதான் வலிக்கும். கண்டக்டர பாத்தீங்களா, இதுக்கும் ஒரு டிக்கெட்டு போடணும்னு நின்னான். ‘போடுப்பா, ஆனா அதுக்கும் ஒரு சீட்டு குடு, ஜன்னல் ஓரமா குடு’ன்னேன். மூஞ்சிய திருப்பிட்டுப் போயிட்டான். சிரிச்சா சம்பளத்துல புடிச்சிருவாவ போல.

அண்ணாச்சி எங்க, தூத்துக்குடியா? என்னது? கொஞ்சம் சத்தமா. எட்டயபுரமா? சரிதான், எனக்கு முன்னாடியே தப்பிச்சிருவீங்க. இந்தப் பக்கம் வந்து உக்காருங்களேன், எனக்கு வலது பக்கமா. ஆங். அந்தப் பக்கம் காத்து அடிக்குதுல்லா, நீங்க பேசுறத எல்லாம் அருப்புக்கோட்டைக்கே திருப்பிக் கொண்டு போயிருது.

மணி என்ன? மூணரையா? இந்த டிரைவர் என்ன, மாப்பிள்ள ஊர்வலமா ஓட்டுதான்? ஆறு மணிக்குள்ள நான் வீட்டுல இருக்கணும். என் மவ பாட்டு ஆறு மணிக்கு மெட்ராசுக்குப் போவணும். பெரிய கம்பெனி. அவன் குடுத்த நேரத்துல போவலன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவான். பாட்டு ரெடி. கடைசியா இந்தப் பெட்டி வழியா விட்டு எடுக்கணும். பெட்டி எங்க இருக்கு? உங்க காலடியில இருக்கு. அதான் நான் இப்படி வண்டு மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் நெளியுதேன். மூட்டைப்பூச்சின்னு நெனச்சிராதீங்க.

என் பேரு கித்தேரியான். மைக்செட் கித்தேரின்னா தூத்துக்குடி திரேஸ்புரத்துல பால்குடி பிள்ளை கூட வழி காட்டும். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சேன். அதுக்கு மேல வாத்தியாரும் நானும் உக்காந்து பேசி, பிரிஞ்சிருவோம்னு ஒரு முடிவுக்கு வந்துட்டோம். அப்ப புடிச்சது மைக்செட்டு. கல்யாணம், சாவு, சடங்கு, கட்சிக் கூட்டம், எல்லாத்துலயும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துலயே நின்னவன். நின்னவன் என்ன, பெட்டியில சாஞ்சு தூங்கியிருக்கேன். எங்கம்மா தாலாட்டுக்குத் தூங்காத பய அதுல தூங்குனேன்னா பாருங்க.

இப்ப மைக்செட்டு இல்ல, வித்தாச்சு. மாடி ரூம்புல என் மவ வினோலியா ஸ்டூடியோ வச்சிருக்கா. ஸ்டூடியோன்னா மேளக்காரன், பிடில்காரன் எல்லாம் வருவான்னு நெனைக்காதீங்க. ஒரு பய வர மாட்டான். எல்லாம் கம்ப்யூட்டர்தான். கடல்ல வலை இழுக்குற சத்தம், ஐஸ் பொடிக்கிற மிசினு சத்தம், இதையெல்லாம் போன்ல புடிச்சுட்டு வருவா. நறுக்கி, வறுத்து, தாளிச்சு, கீழ ஒரு ‘டுப் டுப்’ப விட்டான்னா, செத்தவன் எந்திரிச்சு ‘யாரு வீட்டு விசேசம்’னு கேப்பான். எலக்ட்ரானிக் மியூசிக்குன்னு பேரு.

இந்தப் பெட்டி இருக்குல்லா, இதுக்குப் பேரு ஈக்குவலைசர். மெட்ராசுல ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவ மூடுனப்ப எடுத்துட்டு வந்தேன். வெளிநாட்டுப் பெட்டி. முன்னால வரிசையா குட்டி குட்டி லீவர் இருக்கும், மேலயும் கீழயும் தள்ளலாம். இடது பக்கத்து லீவர் எல்லாம் தரை அதுருற சத்தம். நடுவுல மனுசன் பேசுற சத்தம். வலது கடைசிக்குப் போவப் போவ கொசு, சலங்கை, ஜால்ரா. எதைத் தூக்கணும், எதை அமுக்கணும்னு பாத்து தள்ளணும். சமையல்ல உப்பு பாக்க மாதிரி. கம்ப்யூட்டர்லயும் இது இருக்காம், படம் மாதிரி வரும். அவ சொன்னா. நான் சொன்னேன், ‘ஏளா, ஓட்டல் போர்டுல கூட பிரியாணி படம் இருக்கு, நக்கிப் பாரு’ன்னேன்.

எங்க வீட்டு வழக்கம் என்னன்னா, அவ பாட்டு எதுவும் என் கை படாம வெளிய போவாது. எல்லாத்தையும் முடிச்சுட்டு, ‘எப்பா, வா’ம்பா. நான் முகம் கழுவி, நெத்தியில சிலுவை போட்டு, பெட்டி முன்னால உக்காருவேன். பாட்டு ஓடும், நான் லீவர தள்ளுவேன். நான் ‘ம்’னு சொன்னாதான் பாட்டு பாட்டு.

போன வருசம் எங்க தெரு மாதா கெபியில, குகை மாதிரி கட்டுன சின்னக் கோயில், அதுல திருவிழா. பவனி முடிஞ்சதும் பயலுவ டான்சு. வினோலியா பாட்டு. நான் வலது பக்கத்து லீவர எல்லாம் நல்லா தூக்கி விட்டுருந்தேன், சலங்கை எடுப்பா வரட்டும்னு. பாட்டு போட்டதும் பாக்கேன், சனம் காத பொத்துது. சாமியாரு விரல காதுல விட்டுக்கிட்டே ஆசீர்வாதம் குடுக்காரு. கைப்பிள்ளைக எல்லாம் கதறுது. ஒரு கிழவி என் சட்டையப் புடிச்சு, ‘ஏல கித்தேரி, காதுல கோணி ஊசிய ஏத்துதியேல’ங்கா. நான் சொன்னேன், ‘பாட்டி, உனக்கு இந்த வயசுலயும் காது கேக்குதே, மாதாவுக்கு நன்றி சொல்லு’ன்னேன்.

என்னத்த சொல்ல. அவனுவ கொண்டு வந்த ஸ்பீக்கர் அப்படி. ஓட்டை ஸ்பீக்கர். என் காதுக்கு சலங்கை வரவே இல்ல, இவனுவளுக்கு ஊசி ஏறுதாம்!

வினோலியா அன்னைக்கு மேடைக்குப் பின்னால நின்னு அழுததா என் வீட்டுக்காரி லூர்து சொன்னா. ஊரு முன்னால மொத மொதல்ல போட்ட பாட்டு, பாவம், வலிக்கத்தான செய்யும். மறுநாள் என்கிட்ட வந்து, ‘எப்பா, பெட்டியில தூசி ஏறியிருக்கு, நான் தொறந்து தட்டித் தாரேன்’னா. ‘தட்டுளா’ன்னேன். தட்டுனா.

தட்டுன கையோட பாத்தீங்கன்னா, சத்தம் மணி மணியா வந்துட்டு! ஒரு பய குறை சொல்லல. அதுக்குப் பெறவு போட்ட பாட்டு எல்லாம் ஓடுச்சு. கல்யாண வீட்டுல போடுதான், ஆட்டோவுல போடுதான், போன்ல பொம்பளைய எல்லாம் அதுக்கு ஆடிப் படம் போடுதாவ. நானும் ஒவ்வொரு பாட்டுக்கும் உக்காந்து லீவர தள்ளுனேன். ‘எப்பா, சரியா இருக்கா?’ம்பா. நான் ஒரு லீவர மயிரிழை மேல தூக்கி, ‘இப்ப கேளு’ம்பேன். ‘ஆமாப்பா, இப்பதான் சரி’ம்பா. மெட்ராசு கம்பெனிக்காரன் அதெல்லாம் கேட்டுட்டுதான் கூப்புட்டிருக்கான்.

அப்ப யாரு கைவண்ணம்? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்ல வேண்டாம், எனக்கு வெக்கமா இருக்கு.

என்ன, நிறுத்திட்டான்? பந்தல்குடியா? டீ குடிக்க எறங்குதானா டிரைவரு? ஏ டிரைவர் தம்பி! டீய பார்சல் வாங்குப்பா, நான் ஊதி ஆத்தித் தாரேன், நீ ஓட்டு! ...பாத்தீங்களா, திரும்பியே பாக்கல. அவனுக்குக் காது மந்தம் போல.

விசயத்துக்கு வாறேன். கொஞ்ச நாளா எனக்கு ஒரு சந்தேகம். வலது கடைசி லீவர உச்சிக்குத் தூக்குனாலும் சலங்கை எடுப்பா வரல. பெட்டி தளந்து போச்சோன்னு நெனச்சேன். இவ்வளவு பெரிய பாட்டு போவப் போவுது, பெட்டிய சர்வீஸ் பண்ணிருவோம், அவளுக்கு ஒரு சந்தோசமா இருக்கட்டும்னு, காலைல அவ கோயிலுக்குப் போன நேரமா பாத்து, பெட்டிய கழத்தி, சாக்குல கட்டி, பஸ்சு ஏறிட்டேன். மதுரையில சிக்கந்தர் பாய்னு ஒருத்தர். ஸ்டூடியோ சாமானுக்கு அவருதான் டாக்டரு.

பாய் பெட்டிய மாட்டி, ஒரு மிசினுல இருந்து ‘கீ’ன்னு ஒரு சத்தத்த விட்டாரு. லீவர தள்ளுனாரு. மீட்டர்ல முள்ளு அசையல. இன்னொரு லீவரு. முள்ளு அசையல. எல்லா லீவரையும் மேல ஏத்துனாரு, கீழ எறக்குனாரு. முள்ளு தூங்குது.

‘அண்ணே, இது வேலையே செய்யலையே’ங்காரு.

‘நேத்து வரைக்கும் நல்லா செஞ்சுச்சு பாய், பயணக் களைப்பா இருக்கும்’ங்கேன்.

மூடிய கழத்துனாரு. உள்ள டார்ச்ச அடிச்சாரு. அடிச்சவரு என்னைய பாக்காரு, பெட்டிய பாக்காரு, மறுபடி என்னைய பாக்காரு. ‘அண்ணே, உள்ள வர்ற ஒயரையும் வெளிய போற ஒயரையும் நேரா சேத்து ஈயம் வச்சிருக்கு. நடுவுல இருக்க சாமான் எதுக்கும் பாட்டே போவல. இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போயிருது. லைட்டு எரியிறதுக்கு மட்டும் கரண்டு குடுத்திருக்கு. யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க’ன்னாரு.

நான் எட்டிப் பாத்தேன். ரெண்டு ஒயரு. ரெண்டு இடத்துல ஈயம்.

அண்ணாச்சி, தூத்துக்குடியில அவன் அவன் ஈயம் வச்சா கோழி எச்சம் மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான். வினோலியா வச்சா பொட்டு மாதிரி இருக்கும். வட்டமா, சுத்தமா, மினுமினுன்னு.

ரெண்டு பொட்டு.

 ‘எலி பண்ணியிருக்கும் பாய்’னேன். ‘ஈயம் வைக்கிற எலியா அண்ணே?’ங்காரு. ‘எங்க ஊரு எலி ஐ.டி.ஐ. படிச்சது’ன்னேன்.

தூசி தட்டுனாளாம்லா தூசி! அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் பெட்டி பொணம். பொணத்துக்கு முன்னால உக்காந்து நான் சிலுவை போட்டு லீவர தள்ளியிருக்கேன். கோயில் திருவிழாவுல ராட்டினத்துல சின்னக் காரு வருமே, பாத்திருக்கீங்களா? பிள்ளைய உள்ள உக்கார வச்சு சுத்தி விடுவான். அது ஸ்டீரிங்க வெட்டி வெட்டித் திருப்பும், ஆரன அமுக்கும். காரு அது பாட்டுக்கு ஒரே வட்டத்துல போவும். வெளிய நின்னு ஆத்தாளும் அப்பனும் கைய ஆட்டுவாவ. அப்படி என்னைய உக்கார வச்சுட்டு, பக்கத்துல நின்னு கைய ஆட்டியிருக்கா அண்ணாச்சி. ‘ஆமாப்பா, இப்பதான் சரி’ங்கா. பெத்த அப்பனுக்கு!

என்ன கேக்கீங்க? அப்ப அந்தப் பாட்டு எல்லாம் எப்படி நல்லா வந்துச்சா? அதான் அண்ணாச்சி, பஸ்சு ஏறுனதுல இருந்து அதையேதான் யோசிக்கேன். பெட்டி செத்துக் கெடந்துருக்கு, சரி. ஆனா நான் லீவர தூக்கும்போது எனக்கு சத்தம் மாறுச்சு. இந்தக் காதால கேட்டேன். சத்தியமா கேட்டேன். அப்ப என்ன அர்த்தம்? என் விரலுக்குப் பெட்டியே வேண்டாம்னு அர்த்தம்! செத்த பெட்டியிலயே இந்தப் போடு போட்டவன், உசுரோட இருந்தா என்ன பண்ணியிருப்பேன்?

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. நீங்களாவது சிரிக்கீங்க.

பாய் கேட்டாரு, ‘அண்ணே, இந்த ஒயர எடுத்துரட்டுமா?’ன்னு. ‘எடும்யா, மொதல்ல எடும்’னேன். எடுத்தாரு, பழையபடி கோத்தாரு. பெட்டிக்கு உசுரு வந்துட்டு, முள்ளு குதிக்குது. அப்புறம் அந்த ‘கீ’ சத்தத்த கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போறாரு. கீ... கீஈ... பெறவு ஒண்ணும் இல்ல. ‘பாய், மிசினு ஆப் ஆயிட்டு போல’ங்கேன். ‘ஆப் ஆகல அண்ணே, ஓடுது’ங்காரு. பாத்தா, எதித்த டீக்கடைக்காரன் காதப் பொத்திக்கிட்டு, ‘ஏ பாய், நிறுத்தும்யா, பால் திரிஞ்சிரும்’னு கத்துதான். டீ குடிக்க வந்தவன் எல்லாம் மொகத்த சுளிக்கான். பாய் நிறுத்துனாரு. என் தோள்ல கைய வச்சு, ‘அண்ணே, நம்ம ஆளு ஒரு காது டாக்டரு இருக்காரு, நடந்து போற தூரம்தான்’னாரு. ‘மொதல்ல உங்க ஸ்பீக்கர மாத்தும் பாய், டாக்டர அப்புறம் பாப்போம்’னு சொல்லிட்டு வந்துட்டேன். அவரு மனசு நோவக் கூடாது பாருங்க, நல்ல மனுசன். ஸ்பீக்கர்தான் சரியில்ல.

கெளம்பிட்டான் டிரைவரு. டீயில எல்லாரு பேரையும் சொல்லி ஒவ்வொரு சொட்டா குடிச்சிருக்கான்.

என்ன? போனா? என் போனு அடிக்குதா? பாருங்க, இந்த சனியன் புடிச்ச போனு எப்பவும் இப்படித்தான். பக்கத்துல இருக்கவனுக்கு மட்டும் அடிக்கும், எனக்கு அடிக்காது. எத்தன தடவ அடிச்சிருக்கு? ஏயம்மா, வரிசையா அவதான் கூப்புட்டிருக்கா. இருங்க, ஸ்பீக்கர்ல போடுதேன்.

ஏளா! நான்தாண்டி! பஸ்சுல வாறேன்! ...என்ன? ...ஏளா, இரைச்சலா இருக்கு! அண்ணாச்சி, என்ன சொல்லுதா? கொஞ்சம் கேட்டு சொல்லுங்க. சாப்புட்டேனான்னு கேக்காளா? சாப்புட்டேண்டி! பொரோட்டா! ...அப்புறம்? பெட்டிய எங்க கொண்டு போனேன்னு கேக்காளா? அழுதாளா? அழுவுற மாதிரி இருக்காளா? சரியா கேளுங்க.

வினோலியா! மதுரைக்கு வந்தேன்ளா! சும்மா, சர்வீசுக்கு! ...ம்? அண்ணாச்சி? பெட்டிய... தொறந்தாவளான்னு கேக்காளா?

...

இல்லளா! கடை லீவு! பூட்டிக் கெடந்துச்சு! அப்படியே திருப்பிக் கொண்டு வாறேன், சாக்கு கூட பிரிக்கல!

என்ன சொல்லுதா? சொல்லுங்க அண்ணாச்சி, ஏன் அந்தால பாக்கீங்க. நான் வந்து உக்காந்தாதான் பாட்ட அனுப்புவாளா? நேரமானாலும் பரவாயில்லயாமா? கிறுக்கு புடிச்சிருக்கா அவளுக்கு. ஏளா, வந்துருவேண்டி! ஒயர எல்லாம் ரெடியா வையி! போன வச்சிருதேன்!

...என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரியா பாக்கீங்க. பாவம் பாத்துப் பொய் சொன்னேன்னு நெனைக்கீங்களா? நானா? மைக்செட் கித்தேரியா? அண்ணாச்சி, இது வேற கணக்கு. நான் ‘பாத்துட்டேன்’னு சொன்னா அவ அழுவா, நான் கத்துவேன், லூர்து ரெண்டு பேருக்கும் சேத்து ஒப்பாரி வைப்பா, ஆறு மணி ஓடிப் போயிரும், பாட்டும் போயிரும். கோவத்த அப்படியா காட்டுறது? வெவரம் வேண்டாமா?

கேளுங்க, என்ன பண்ணப் போறேன்னு. மொதல்ல இத கடல்ல தூக்கிப் போட்டுருவோம்னுதான் நெனச்சேன். அருப்புக்கோட்டை தாண்டும்போது, வேண்டாம், இன்னைக்கு உசுருள்ள பெட்டியில எல்லா லீவரையும் ஒரு கை பாத்துருவோம், அப்பன் யாருன்னு காட்டுவோம்னு நெனச்சேன். காட்டியிருப்பேன். நீங்க ஏன் பதறுதீங்க, உங்க பாட்டா?

ஆனா இப்ப வேற ஒண்ணு தோணுது. பெட்டிய மாட்டுவேன். முகம் கழுவி, சிலுவை போட்டு உக்காருவேன். அவளுக்கு என்ன தெரியும்? பெட்டி செத்ததுன்னு நெனச்சுட்டு நிப்பா. பாய் அனுப்பும்போது லீவர எல்லாம் நட்டநடுக் கோட்டுல நிறுத்தி விட்டிருக்காரு. நடுவுல நின்னா பெட்டி எதையும் தூக்காது, எதையும் அமுக்காது. வந்த பாட்டு வந்த மாதிரியே போவும். நான் விரல மேல வச்சுக்கிட்டு இருப்பேன். ஒரு லீவரையும் அசைக்க மாட்டேன். ஒண்ணக் கூட. ‘எப்பா, சரியா இருக்கா?’ம்பாள்ல, ‘இன்னைக்கு சரியா இருக்குளா, அனுப்பு’ம்பேன். அவ்வளவுதான்.

இதுதான் அண்ணாச்சி தண்டனை. பெரிய தண்டனை! ஏன்னா இன்னைக்குதான் மொத மொதல்ல கித்தேரி கை படாத பாட்டு வெளிய போவுது. அங்க மெட்ராசுல அவன் போட்டுக் கேப்பான். ‘என்னம்மா இது, சலங்கையும் இல்ல ஒரு எழவும் இல்ல, உங்கப்பன் கை வைக்கலையா?’ன்னு திட்டுவான். அப்ப தெரியும் அவளுக்கு. ஓடி வருவா. ‘எப்பா, நான் தப்பு பண்ணிட்டேன்’னு வருவா.

திட்டுவான்ல? நீங்க என்ன நெனைக்கீங்க?

என்ன, எந்திரிச்சுட்டீங்க? எட்டயபுரமா? வந்துட்டா? அதுக்குள்ளயா? இருங்க, பெட்டிய நகத்துதேன், பாத்து தாண்டுங்க. ஏ கண்டக்டரே, ஆளு எறங்குது, விசில ஊதிராத!

அண்ணாச்சி, ஒரு நிமிசம். படியில நிக்காம கேளுங்க. இல்ல, நின்னே கேளுங்க. அந்தக் கம்பெனிக்காரன் திட்டணும்னு நான் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேந்து வச்சிருந்தேன், இப்பதான், உங்ககிட்ட பேசிக்கிட்டே மனசுக்குள்ள. அது... வேண்டாம். அவ திருவிழாவுல அழுதத நான் பாக்கல. லூர்து சொல்லித்தான் தெரியும். போன்ல இப்ப அழுதாளா இல்லையான்னும் நீங்க சரியா சொல்லல.

இந்தப் பாட்டுக்கு வேண்டாம் அண்ணாச்சி. அடுத்த பாட்டுக்குத் திட்டட்டும்.